டேபிள் தாங்கும் எடை

"நூத்தம்பதுக்கு மேல அரைக் கிலோ இருந்தாலும் நான் ஏத்த மாட்டேன், சேச்சி. ஸ்கேன் டேபிள் ஒடிஞ்சா அதை நன்னாக்க பாம்பேயில இருந்து ஆள் வரணும், கேட்டோ."

"நூத்தம்பதுக்கு மேலன்னு உன்கிட்ட ஆரு சொன்னா?"

"கீழன்னு ஆரு சொன்னா?"

"என் எடை மெஷின் நூத்தி முப்பதோட நின்னு போச்சு. அதுக்கு மேல அது இங்கிலீஷ்ல ஏதோ திட்டுது. நான் என்ன செய்யட்டு? ஆளைத் தூக்கிப் பாத்தா சொல்ல முடியும்?"

"எதுக்குத் தூக்கணும்? நேரா ஜூவுக்குக் கொண்டு போங்க. அங்க நீர்யானையை எதுலயோ நிறுத்தித்தானே எடை பாக்காங்க?"

"நீர்யானையாவது ஒரு இடத்துல நிக்கும் பிரவினே. இவரு நாலடி நடந்தா நாற்காலி கேக்காரு."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு; காலை டியூட்டியின் முதல் சிரிப்பு எப்போதும் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். அது அடங்குவதற்குள் பக்கத்திலிருந்த பச்சைத் திரை விலகியது. வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. திரைக்குப் பின்னால் அந்த நாலடிக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னிக்கு திங்கக்கிழமை, சிஸ்டர்," என்றார். "ஜூவுக்கு லீவு."

சிஸ்டர் என்று அவர் அழைத்தது ஜிஷாவை. பாறசாலைக்காரி. வயது இருபத்தேழு. கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருடமாக நர்ஸ். எம்.ஆர்.ஐ. அறைக்காரன் பிரவின்ராஜுக்கு அவள் சேச்சி. ஆஸ்பத்திரிக்கு அவள் தொண்டை. ஏனென்றால் அங்கே எடை பார்க்கும் முறை அப்படி. மெஷின் ஹாலின் இந்தக் கோடியில், கம்ப்யூட்டர் அந்தக் கோடியில். இங்கே ஆளை ஏற்றி நிறுத்தி, ஜிஷா எண்ணைக் கூவ வேண்டும். அங்கே இருப்பவள் தட்டிக்கொள்வாள். இடையில் நாற்பது நாற்காலி. "எண்பத்தாறு!" "நூத்தி ரெண்டு!" என்று அவள் கூவும்போது அந்த நாற்பது நாற்காலியும் தலை நிமிர்ந்து, இது யாருடைய எண் என்று பார்த்து, ஒரு முடிவுக்கு வந்து, மறுபடி போனில் கவிழும்.

ஐ.டி. பார்க்கில் இருந்து வருகிற பையன்கள் ஷூவைக் கழற்றுவார்கள், பெல்ட்டை, வாட்சை, கழுத்து அடையாள அட்டையைக் கழற்றுவார்கள். ஒருத்தன் மோதிரத்தைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினான். எல்லாரும் ஏறும்போது மூச்சை வெளியே விடுவார்கள், காற்றுக்கும் எடை உண்டு என்பது போல. ஜிஷாவுக்கு இதெல்லாம் பெரிய வேடிக்கை. டியூட்டி அறையில் முட்டை பப்ஸைப் பிட்டுக்கொண்டே அவளும் மற்ற சிஸ்டர்களும் அன்றைய எண்களை நினைவுபடுத்திச் சிரிப்பார்கள். "ஒரு மனுஷன் இப்படி ஆகிறது வரைக்கும் கண்ணாடியே பாக்க மாட்டானா?" என்பாள் ஒருத்தி. பப்ஸ் தூள் யூனிஃபாரத்தில் உதிரும்.

திரைக்குப் பின்னால் இருந்தவர் பெயர் அனந்தபத்மநாபன். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்துக்காரர். வயது நாற்பத்திரண்டு. ஐ.டி. பார்க்கில் டெஸ்டர், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்துச் சொல்வது வேலை. நாலு மாதத்தில் இது மூன்றாவது முறையாக வருகிறார். இடது கால் சரியில்லை என்று ஒரே புகார்.

முதல் முறை டாக்டர் வெங்கிடேஷ் அவர் வாசலில் நுழையும்போதே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். கால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அதை எட்டிப் பார்க்கும் சிரமம் இல்லை. "முதல்ல எடையைக் குறைங்க, மற்றது தானே போயிடும்" என்று சாப்பாட்டு அட்டவணை ஒன்றைக் கொடுத்தார். இரண்டாவது முறையும் அதே அட்டவணைதான். காகிதம் மட்டும் வழவழவென்று மாறியிருந்தது. அன்றைக்கு ரத்த அழுத்தம் பார்க்க ஜிஷா கையில் சுற்றிய பட்டை காற்று ஏறியதும் டர்ரென்று பிய்த்துக்கொண்டது. அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடக்கியதையும் அவர் பார்த்தார். மூன்றாவது முறை அவர் ஆபீஸ் மாடிப்படியில் விழுந்துவிட்டு வந்ததால், "சரி, ஒரு ஸ்கேன் எடுத்துடலாம், சமாதானமாகட்டும்" என்று எழுதினார் டாக்டர். யாருக்குச் சமாதானம் என்று எழுதவில்லை.

இப்போது அனந்தபத்மநாபன் மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, நர்சிங் சூப்பிரண்டு ரத்னாபாயின் அறைக்குப் போய், அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்து, புகார்ப் புத்தகம் கேட்டார். கத்தவில்லை. பேனாவும் கேட்டார்.

ரத்னாபாய் ஜிஷாவைக் கதவுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன பேச்சு பேசியிருக்கே?"

"மேடம், சும்மா ஒரு தமாஷுக்கு..."

"தமாஷ் வேண்டாம்னா சொன்னேன்? அதுக்குத்தானே டியூட்டி ரூம் இருக்கு? ஆள் கேக்கவா பேசுவாங்க?" ரத்னாபாய்க்கு நீர்யானையில் குறை தெரியவில்லை, சத்தத்தில்தான் குறை. "கேட்டுக்கோ. இன்னைக்கே அவருக்கு ஸ்கேன் எடுத்து, சிரிச்ச முகமா வீட்டுக்கு அனுப்பணும். இல்லேன்னா மானேஜ்மென்ட்டுக்கு நீயே பதில் எழுது. அப்புறம் நீ பாறசாலையில ஏதாவது கிளினிக் பாத்துக்கோ."

உள்ளே வந்து ரத்னாபாய் குரலில் தேன் தடவினாள். "சார், ஒரு சின்னப் பிரச்சினை. சரியான எடை தெரிஞ்சாத்தான் மெஷின்ல ஏத்த முடியும். எங்க தராசு கொஞ்சம் சின்னது."

"எங்காத்துக்குப் பக்கத்துக் கோவில்ல துலாபாரத் தட்டு தொங்கறது," என்றார் அவர், புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்காமல். "இரும்புச் சங்கிலி. அது யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை."

குத்தலாகச் சொன்ன வார்த்தை. ரத்னாபாய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அது நல்ல காரியமில்லையா சார்! ஜிஷா, சாரோட போயிட்டு வா."

"மேடம், நான் சி.எஸ்.ஐ. சபைக்காரி. என்னைக் கோவிலுக்குள்ள விடமாட்டாங்களே."

"நீ வாசல்ல நில்லு. ரசீதுல எடை போட்டுத் தருவாங்க. அதைக் கொண்டு வந்து பிரவின்ராஜ் கையில குடு. சாமி நிறுத்த எடைக்கு மேல அவனுக்கு என்ன வேணும்?"

அனந்தபத்மநாபன் முதல்முறையாகச் சிரித்தார். நடக்காது என்று நினைத்த ஒன்று நடந்துவிட்டால் டெஸ்டர்களுக்கு வரும் சிரிப்பு. புகார்ப் புத்தகத்தை மூடினார்.

டாக்சியில் அவர் பின்சீட்டில், இவள் முன்சீட்டில். உச்ச பூஜை முடிந்து நடை சாத்தும் முன்னால் போய்ச் சேர வேண்டும். பைபாஸில் லாரிகள் வழிவிடுவதாக இல்லை. ஜிஷா மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நாலாவது தடவை வாயைத் திறந்தாள்.

"சார், காலையில நான் சொன்னது... மனசுல வச்சுக்கக் கூடாது."

"உங்க தமாஷ்ல ஒரு தப்பு இருந்தது. நீர்யானை ஒரு இடத்துல நிக்காது. அதைத் தண்ணில இருந்து வெளியே கொண்டு வரதே பெரும்பாடு. உதாரணத்தை மாத்தணும்."

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நீங்க பரவாயில்லை," என்றார். "போன வருஷம் கண்ணு டாக்டர்ட்ட போனேன். கண்ணாடிக்கு நம்பர் எழுதிட்டு, கீழே 'எடையைக் குறைக்கவும்'னும் எழுதினார். கண்ணு மெலியணும் போலிருக்கு. காதுல எறும்பு போச்சுன்னு ஒரு தரம் போனேன். எறும்பை எடுத்துட்டு அவரும் அதையேதான் சொன்னார். நான் குண்டா இல்லேன்னா எறும்பு வேற காதுக்குப் போயிருக்கும்."

ஜிஷாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் சிரித்துவிட்டாள். டிரைவரும் சிரித்தான்.

"சாருக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?" என்று கேட்டான் டிரைவர்.

"ஓட்டிண்டிருந்தேன். இப்போ கிளட்ச் எங்கே இருக்குன்னு கால் சொல்றதில்லை. குனிஞ்சு பார்த்து மிதிக்கணும். அதுக்குள்ளே முன்னாடி வண்டிக்காரன் இறங்கி வந்துடறான்."

அதையும் ஒரு தமாஷாகவே எடுத்துக்கொண்டு அவள் சிரித்தாள். மனதில் ஓடியது வேறு கணக்கு. நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டும். ஏசப்பா, நூற்றைம்பதுக்குள் இருக்கட்டும். நாலு வருடம் நர்சிங் படிக்க வைத்த அப்பா நேசையனின் முகம் லாரிகளுக்கு நடுவே வந்து வந்து போயிற்று.

கோவில் சின்னதுதான். அக்ரகாரத்தின் திருப்பத்தில், ரெண்டு வீட்டுக்கு நடுவே செருகியது போல. வாசலில், இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று மலையாளத்தில் பலகை. அனந்தபத்மநாபன் வீட்டுக்குள் போய் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். கோவில் வாசலில் செருப்பைக் கழற்றினார், பிறகு சட்டையையும். ஆஸ்பத்திரியில் சட்டைப் பொத்தானை ஒன்று கழற்றச் சொன்னாலே மூன்று தடவை கதவைப் பார்க்கிற மனிதர், இங்கே நடுத்தெருவில் சட்டையை உருவி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தொப்பை முன்னே போக உள்ளே போனார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் விதவிதமான தொப்பைகள் போய்க்கொண்டிருந்தன. எவரும் எதையும் கூவவில்லை.

ஜிஷா அவருடைய செருப்புக்குக் காவலாக நின்றாள்.

வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த வடிவம்மாள் அவளுடைய யூனிஃபாரத்தையும் பலகையையும் பார்த்துவிட்டு எல்லாம் புரிந்துகொண்டாள். "நீ இங்க இரி மக்களே. நான் பாத்து வந்து சொல்லுதேன்." துளசியைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"சர்க்கரைக் கட்டி முழுக்க வச்சாச்சு. தட்டு அனங்கல்லை, அசையவே இல்லை."

"எவ்வளவு வச்சாங்க?"

"இருந்தது அம்பது கிலோ. தீந்து போச்சு. இப்போ தேங்கா வைக்காங்க."

மறுபடி போனாள். மறுபடி வந்தாள். "தேங்காயும் தீந்துது. பழக்குலை எல்லாம் ஏத்தியாச்சு. அரிசிச் சாக்கு எடுக்க ஆள் ஓடுது. ஜனம் கூடிட்டு."

கூடிய ஜனம் என்ன செய்யும் என்று ஜிஷாவுக்குத் தெரியும். தினமும் நாற்பது நாற்காலி அளவு பார்க்கிறாள். "சிரிக்காங்களா?"

"எதுக்குச் சிரிக்கணும்?" வடிவம்மாளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "போன மாசம் ஒரு ஒல்லிக்குச்சி வந்தான். கல்யாணம் நடக்கணும்னு நேர்ச்சை. ரெண்டு பழக்குலையில முடிஞ்சு போச்சு. சாமிக்கு அதுல என்ன கெடச்சுது? ஆளுன்னா இப்படியில்லா இருக்கணும்!"

உள்ளேயிருந்து பெண்கள் குரவையிடும் சத்தம் எழுந்தது. ஒரு மணி அடித்தது. தட்டு தாழ்ந்துவிட்டது.

அவர் வெளியே வந்தபோது நெற்றியில் சந்தனம், கையில் இலைப் பிரசாதம், இன்னொரு கையில் ரசீது. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு முகம் அமையாது.

"நூத்தி நாப்பத்தேழு," என்றார். "மானேஜர் கையெடுத்துக் கும்பிட்டார், சிஸ்டர். வருஷத்துக்கொரு தரம் வாங்கோன்னார். ஒரு மாமி என் தோளைத் தொட்டுக் கண்ணில ஒத்திண்டா. நாப்பத்திரண்டு வருஷத்துல என் எடையைக் கேட்டு சந்தோஷப்பட்ட முதல் கூட்டம் இதுதான்."

ஜிஷா ரசீதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். சர்க்கரைக் கட்டி, தேங்காய், கதலிப்பழம், பச்சரிசி, ஆகக்கூடி 147. போனை எடுத்து பிரவின்ராஜைக் கூப்பிட்டாள். பழக்க தோஷம், தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"நூத்தி நாப்பத்தேழு!"

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வடிவம்மாள் மறுபடி ஒரு குரவையிட்டாள்.

"அப்போ கொண்டு வாங்க சேச்சி," என்றான் பிரவின்ராஜ். "ரெண்டு மணிக்கு ஸ்லாட் ஒழிவிருக்கு."

வேலை பிழைத்தது. ஜிஷா வானத்தைப் பார்த்து மனதுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் குனிந்தாள். அவள் காவல் காத்த செருப்பில் ஒன்று அங்கேயே கிடந்தது. இடதுகால் செருப்பு.

அனந்தபத்மநாபன் டாக்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை. மணி பதினொன்று ஆகப்போகிறது. தார் ரோடு அடுப்பில் போட்ட தோசைக்கல் போலக் காய்ந்து கிடந்தது. வலது கால் ஒழுங்காகப் போயிற்று. இடது கால் முட்டியோடு உயர எழும்பி, பாதம் தொங்க, தரையில் டப் என்று விழுந்தது. மறுபடி எழும்பி, டப். ஒரு சேவல் சேற்றில் நடப்பது போல. அவர் பிரசாதத்தில் இருந்து ஒரு பழத்தை உரித்துத் தின்றுகொண்டே நடந்தார். கால் சுடுவது அவருக்குத் தெரியவில்லை.

நர்சிங் காலேஜில் ஒரு சார் மேடையில் இப்படி நடந்து காட்டினார். நரம்பு நசுங்கினால் பாதம் தொங்கும், நீங்கள் நடையைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்து, ஜிஷா ஐந்துக்கு ஐந்து வாங்கினாள். நாலு மாதத்துக்கு முன்னால் இதே ஆள் இதே நடையில் அவள் முன்னால் ஹாலைக் கடந்து வந்தபோது, ஃபைலில் அவள் கையாலேயே எழுதினாள்: 'நடை மந்தம். காரணம்: உடல் பருமன்.' அதைப் பார்த்துத்தான் டாக்டர் தலையாட்டினார்.

"சார்! நில்லுங்க சார்!"

செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். கோவில் குளத்தின் கைப்பிடிச் சுவரில் அவரை உட்கார வைத்தாள். நடுரோட்டில் மண்டியிட்டு அந்தப் பாதத்தை எடுத்து மடியில் வைத்தாள். உள்ளங்காலில் ஒரு சில்லு ஏறி ரத்தம் கசிந்திருந்தது.

"அங்கே பாருங்க சார், குளத்தைப் பாருங்க. இங்க பாக்காதீங்க." பேனா முனையால் பெருவிரலுக்கு மேலே குத்தினாள். "தெரியுதா?"

"எது?"

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். "இப்போ?"

"ஆரம்பிச்சுட்டேளா?"

ஜிஷா பேனாவை மூடினாள். "பெருவிரலைத் தூக்குங்க சார்."

அவர் முகம் சுருங்கியது. விரல் அசையவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"முதல் தடவை வந்தபோதே சொன்னேனே. கால் மரத்துப் போறது, செருப்பு நழுவினா தெரியலைன்னு. நீங்கதானே எழுதிண்டேள்?"

வெயில் பிடரியில் சுட்டது. அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"வாங்க சார். வண்டியில ஏறுங்க. ரெண்டு மணி வரைக்கும் நிக்க வேண்டாம், இப்பவே போவோம்."

அனந்தபத்மநாபன் பழத்தோலை இலையில் வைத்து மடித்தார். நகரவில்லை.

"நான் வரலை, சிஸ்டர்."

"என்ன சார்?"

"வரலை. இன்னிக்கு நல்ல நாள். இதைக் கெடுத்துக்க மனசில்லை. அங்கே வந்து அந்தக் குழாய்க்குள்ளே படுப்பேன். வெளியே கண்ணாடிக்குப் பின்னாலே நீங்களும் அந்தப் பையனும் உக்காருவேள். மைக்கை அணைக்க மறந்துடுவேள். எது எப்போ மறக்கும்னு கண்டுபிடிக்கிறதுதானே என் தொழில்? அப்புறம் டாக்டர் ஃபிலிமைத் தூக்கிப் பிடிச்சுண்டு, ஓய், எடையைக் குறையும்பார். அதுக்கு எதுக்கு ஸ்கேன்? ஆத்துக்குப் போறேன். குறைச்சுண்டே வரேன். ஆறு மாசம்."

"ஆறு மாசத்துல எடை குறையும் சார். கால் திரும்பி வராது. நரம்பு காத்திருக்காது."

"இதை நாலு மாசம் முன்னாடி யாரானும் சொல்லியிருந்தா நன்னா இருந்திருக்கும்."

"நான் சொல்லியிருக்கணும்," என்றாள் ஜிஷா. "நான் பாக்கலை. உங்களைத்தான் பாத்தேன். காலைப் பாக்கலை."

குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. டாக்சிக்காரன் ஹாரனை ஒருமுறை தொட்டான். பையில் போன் அதிர்ந்தது, ரத்னாபாய்தான். சிரித்த முகமாக இருக்கிறாரா என்று கேட்பாள். ஜிஷா எடுக்கவில்லை. பாறசாலையில் கிளினிக் இருக்கிறது, போய்க்கொள்ளலாம். பாதம் இன்னும் அவள் மடியிலேயே இருந்தது. உலர்ந்துகொண்டிருந்த ரத்தத்தை யூனிஃபாரத்தின் ஓரத்தால் துடைத்தாள். அதுவும் அவருக்குத் தெரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"எங்களை விட்டுடுங்க, சார்," என்றாள். "எங்க மேல கோபப்படுறது நியாயம். புகார் எழுதணும்னா பேப்பர் நானே வாங்கித் தாரேன், ஸ்பெல்லிங்கும் சொல்லித் தாரேன். ஃபைல்ல நான் எழுதினதை டாக்டர் முன்னால நானே வெட்டுதேன்."

அவர் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்களுக்கு வர மனசில்லேன்னா நீங்க வர வேண்டாம். கோபத்தோட வீட்டிலேயே இருங்க. இந்த இடது காலை மட்டும் ஒரு மணிக்கூர் எங்கூட அனுப்பித் தாங்க, சார்."